கை ஆடியதா, ஆட்டியதா? பரிசோதனை இயற்கைப் படத்துக்கு விமர்சனம் சொல்லவும் கேட்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள் நாங்கள் ஆறேழு பேர் அங்கே கூடுவோம். கோரைப்பாய் விரித்து, அவரவர் கொண்டு வந்த பிரின்ட்டை அதன்மேல் வைத்து, சுற்றி உட்கார்ந்து பேசுவோம். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். கேமரா பிடித்தவர் இல்லை. ஆனால் டீ கொண்டு வந்து கொடுத்துவிட்டு ஒவ்வொரு படத்தையும் குனிந்து பார்க்காமல் கீழே இறங்க மாட்டார்.

நான் அங்கே முதலில் வைத்த படம் எண்ணூர் கழிமுகத்தில் எடுத்தது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, தண்ணீர் வற்றிய நேரம், சேற்றுத் திட்டிலிருந்து கொக்குகள் எழும்பின. ஷட்டரைக் கால் விநாடி திறந்து வைத்து, கேமராவை இடமிருந்து வலமாக இழுத்தேன். படத்தில் கொக்கு என்று எதுவும் இல்லை. சாம்பல் நிறப் பட்டை ஒன்று, அதன்மேல் வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பார்த்தார்.

"இன்னா தம்பி, கை ஆடிடிச்சா?"

"இல்லண்ணே, நானாதான் ஆட்டினேன்."

"சரி. ஏன் ஆட்டின?"

இரண்டாவது கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. பரிசோதனைப் படத்தை வைத்து நடக்கும் எல்லாப் பேச்சும் கடைசியில் அந்தக் கேள்விக்குத்தான் வந்து சேரும். அந்த இடத்துக்கு ஒழுங்காக எப்படி வந்து சேர்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதிரிப் படங்களைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். வேண்டுமென்றே கேமராவை அசைத்து எடுப்பது (ஐசிஎம் என்பார்கள்), ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கும் லாங் எக்ஸ்போஷர், ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று காட்சிகளை அடுக்கும் மல்டிபிள் எக்ஸ்போஷர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் இன்ஃப்ராரெட், கேமராவே இல்லாமல் இலையைக் காகிதத்தில் வைத்து வெயிலில் காட்டும் சயனோடைப். "பறவையின் கண் ஷார்ப்பாக இருக்கிறதா?" என்ற ஒரே கேள்வியால் அளக்க முடியாத படங்கள் இவை.

படி 1: காட்டுவதற்கு முன்னால்

எடுத்த அன்றைக்கே காட்டாதீர்கள். இரண்டு வாரமாவது ஆறட்டும். இதற்கு உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. எண்ணூரில் நின்று எடுத்தவருக்குப் படத்தைப் பார்த்ததும் சேற்று வாடை வரும், உப்புக்காற்று வரும், காலில் சிப்பி குத்தியது நினைவுக்கு வரும். இவை எதுவும் படத்தில் இல்லை. பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு தாள் மட்டும். நீங்கள் அங்கே நின்றவர், அவர் நிற்கவில்லை. விமர்சனத்துக்கு உட்காருவதே அந்த நிற்காத கண்ணைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கத்தான்.

பிரின்ட் போட்டுக் கொண்டு போங்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் போதும். மேட் பேப்பர் நல்லது, மாடி வெளிச்சத்தில் பளபளக்காது. போன் திரையில் காட்டினால் ஒருவர் பிரைட்னஸைக் கூட்டுவார், இன்னொருவர் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். ஆளுக்கொரு படம் பார்த்துவிட்டு ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொள்வோம்.

பிரின்ட்டின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தப் படத்தில் நான் எதை முயன்றேன். ஒரே வாக்கியம். "இயற்கையின் அழகு" என்றெல்லாம் எழுதினால் அது கணக்கில் சேராது. என் கொக்குப் படத்தின் பின்னால் பிறகு நான் எழுதியது இது: கொக்கின் வெள்ளையும் அனல் மின் நிலையச் சாம்பலின் வெளிறலும் பிரித்தறிய முடியாமல் கலந்து தெரிய வேண்டும். இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. எழுத வரவில்லை என்றால் அந்தப் படத்தை அந்த மாதம் கொண்டு போக வேண்டாம்.

எழுதியதை யாருக்கும் சொல்லாதீர்கள். தாளைப் படம் மேலே தெரியும்படி வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள்.

படி 2: பேசாமல் பாருங்கள்

இனி பார்ப்பவர்களுக்கு. முழுதாக இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதல் அரை நிமிடத்திலேயே "ஓ, இது இதுதான்" என்று மனது முடிவு கட்டிவிடும். மிச்சமிருக்கும் ஒன்றரை நிமிடம் அந்த முடிவு கரைவதற்கு.

எழுந்து நின்று ஒருமுறை பாருங்கள். பிறகு பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓரடி தூரத்தில் பாருங்கள். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பாருங்கள். தலைகீழாகும்போது "இது கடல், இது வானம்" என்ற பெயர்கள் கழன்றுவிடும். கனம் எந்தப் பக்கம் இருக்கிறது, கண் எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும் தெரியும்.

படி 3: பார்த்ததைச் சொல்லுங்கள்

விமர்சனத்தில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. பெரும்பாலும் தாவிப் போய்விடுகிற படியும் இதுதான். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பது இங்கே வேண்டாம். தாளில் என்ன இருக்கிறது? அதை மட்டும் சொல்லுங்கள்.

எப்படி வரிசையாகச் சொல்வது என்று தடுமாறுகிறவர்களுக்கு நம் கையிலேயே ஒரு நல்ல கருவி இருக்கிறது. பள்ளியில் படித்த முதல், கரு, உரி. சங்கப் பாடலுக்கு வகுத்ததுதான். ஆனால் நிலத்தையும் உயிரையும் மனத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் என்றால் நிலமும் பொழுதும். இது எந்த மாதிரி இடம்? ஈரமா, வறட்சியா? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, காலையா, பொழுது சாய்கிறதா? தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே சொல்லுங்கள், எடுத்தவருக்கு அதுவும் பயன்படும். கரு என்றால் அந்த நிலத்தில் இருப்பவை: பறவை, மரம், மீன், மனிதர், தொழில். எங்கள் பக்கத்தில் ராட்சதக் குழாயும் மின்கோபுரமும் கருப்பொருள்தான். உரி என்றால் இவையெல்லாம் சேர்ந்து எழுப்புகிற உணர்வு. நெய்தலுக்கு இரங்கல் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். எண்ணூரில் எடுத்த படமெல்லாம் இரங்கலில்தான் முடிய வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் என்ன உணர்வு என்பதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்ற அந்த வரிசை முக்கியம். நிலமும் உயிரும் என்னவென்று சொல்லாமல் நேராக உணர்வுக்குப் போனால், பேச்சு படத்தை விட்டுவிட்டு நம் மனநிலையைப் பற்றியதாகிவிடும்.

என் படத்துக்கு அன்று கிடைத்தவை இவை. ஒருவர், "மழைக்கு முன்னால் இருக்கிற வானம்" என்றார். இன்னொருவருக்குக் கோரைப்பாயின் நெசவு தெரிந்தது. கல்லூரி படிக்கும் தங்கை ஒருத்தி, "ஈரம் தெரியுது, ஆனா தண்ணி தெரியல" என்றாள். ஒருவர் வெள்ளைக் கோடுகளை எண்ணி, "ஏழு இருக்கு, எல்லாத்துக்கும் முனை வளைஞ்சிருக்கு, நாலாவதுல நல்லா தெரியுது" என்றார். சாம்பலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. படத்தைப் பார்த்து அங்கே அனல் மின் நிலையம் இருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் எடுத்தபோது என் கண்முன்னால் புகைபோக்கிகள் நெட்டுக்குத்தாக நின்றன. அவை இல்லாத ஒரு படத்தைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும். நம் ஊரில் பெரியவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதன்பிறகு யாரும் வேறு சொல்வதில்லை. "அண்ணன் சொன்ன மாதிரிதான்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மரியாதை நல்லதுதான், ஆனால் ஏழு கண்ணுக்குப் பதில் ஒரு கண்தான் மிஞ்சும். வரிசையை மாற்றினால் போதும், மரியாதையும் கெடாது.

படி 4: முயற்சி என்ன என்று ஊகியுங்கள், பிறகு திருப்பிப் படியுங்கள்

இப்போது ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லட்டும்: "நீங்கள் முயன்றது இது என்று நினைக்கிறேன்." எல்லோரும் சொன்ன பிறகு எடுத்தவர் தாளைத் திருப்பிப் பென்சில் வாக்கியத்தைப் படிக்க வேண்டும்.

ஊகமும் வாக்கியமும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாதபோதுதான் பேச வேண்டிய விஷயமே ஆரம்பிக்கிறது. எந்த இடத்தில் பிரிந்தது? எது அவரை அந்தப் பக்கம் இழுத்தது? என் விஷயத்தில் பதில் மிக எளிமையானது. கேமராவைக் கிடைமட்டமாக இழுத்தால் கிடைமட்டக் கோடுகள் நிற்கும், நெட்டுக்குத்தானவை கரைந்துபோகும். புகைபோக்கிகளை என் கையே அழித்திருக்கிறது. சாம்பலைப் பற்றிப் படம் எடுக்கப் போய், சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பதைத் துடைத்துவிட்டேன்.

சில சமயம் ஊகம் வாக்கியத்தைவிட நன்றாக இருக்கும். அப்போது எடுத்தவர் தன் வாக்கியத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதலாம். அது தோல்வி இல்லை. ஆனால் மாற்றியதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், "அதைத்தான் நானும் நினைத்தேன்" என்று நழுவக் கூடாது.

கேள்வி கேட்கும் விதத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த ஒரு விமர்சன முறை உலகம் முழுக்கப் பல கலைகளில் புழங்குகிறது. அதில் முதலில், படைப்பில் மனதில் நின்றதைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். அடுத்து படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாக மற்றவர்கள் அபிப்பிராயம் கலக்காத கேள்வி கேட்பார்கள். அபிப்பிராயம் கடைசியில்தான், அதுவும் "சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்ட பிறகு. எங்கள் மாடியில் அந்த மூன்றாவதைப் பழகுவதற்குத்தான் மிகவும் சிரமப்பட்டோம். "ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கு?" என்பதற்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. "இந்த இருட்டை எப்படி முடிவு செஞ்சீங்க?" என்று கேட்டால் அது போய்விடும். எடுத்தவர் தற்காப்புக்குப் போகாமல் யோசிக்க ஆரம்பிப்பார்.

படி 5: செய்முறையைப் பாருங்கள்

பரிசோதனை என்பதால் டெக்னிக்கைப் பேசக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதியை மீறிய படத்துக்குத்தான் கைவேலை இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மீறலும் பிசகும் ஒன்றாகத் தெரியும்.

கேமராவை அசைத்த படத்தில் முதலில் கோடுகளின் முனைகளைப் பாருங்கள். அந்த நாலாவது கோடு வளைந்திருந்தது என்றாரே, அதற்கு ஒரே காரணம்தான். ஷட்டரை அழுத்திய பிறகு கையை நகர்த்த ஆரம்பித்திருக்கிறேன், மூடுவதற்குள் நிறுத்தியும் இருக்கிறேன். இரண்டு முனையிலும் கொக்கி விழுந்துவிட்டது. கையை முன்னதாகவே நகர்த்த ஆரம்பித்து, அந்த ஓட்டத்தில் அழுத்தி, மூடிய பிறகும் கொஞ்சம் தொடர வேண்டும். வலை வீசுகிறவர் கை வலை கையை விட்டுப் போன பிறகும் நீண்டுகொண்டே போகும், பார்த்திருப்பீர்கள்.

அடுத்தது புள்ளிகள். லென்ஸின் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி எடுத்த அசைவுப் படத்தில், எல்லாம் கரைந்திருக்கும்போது கறுப்பாகச் சில புள்ளிகள் மட்டும் அசையாமல் தனித்துத் தெரியும். படத்தைப் பதியும் சென்சாரின் மேல் ஒட்டிய தூசி அது. தூசி கேமராவுக்கு உள்ளே இருப்பதால் கேமராவோடு சேர்ந்தே நகர்கிறது, அதனால் கோடாக இழுபடுவதில்லை. மென்மையான ஒரு படத்தில் கண் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அந்தப் புள்ளியாகத்தான் இருக்கும். இதைச் சொல்வது சின்ன விஷயம் இல்லை, தயங்காமல் சொல்லுங்கள்.

ஷட்டர் நேரத்தையும் கேளுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, எஃப்/16 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 விநாடி. கால் விநாடிக்கு வர இருபத்தைந்து மடங்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். லென்ஸின் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர்; ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஐந்து ஸ்டாப் ஃபில்டர் முப்பத்திரண்டு மடங்கு குறைக்கும், சரியாக இருக்கும். ஃபில்டர் இல்லாமல் சமாளிக்கப் பார்த்து வெள்ளை எரிந்துபோன படங்கள் நிறைய வருகின்றன. கொக்கின் வெள்ளை எரிந்துவிட்டால் அது தாளின் வெறுமைதான். அதில் இறகும் இல்லை, இயக்கமும் இல்லை.

லாங் எக்ஸ்போஷர் படத்துக்கு என் கேள்வி ஒன்றே ஒன்று: தண்ணீரைப் பனியாக்கியதால் என்ன கிடைத்தது? பத்து ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஆயிரம் மடங்குக்குக் குறைக்கும். 1/30 விநாடி அரை நிமிடத்துக்கு மேல் நீளும். அலையெல்லாம் பஞ்சாகும். திருவொற்றியூர்ப் பக்கம் கடலரிப்புக்காகக் கொட்டிய பாறைகளையும் தூண்டில் வளைவுகளையும் இப்படி எடுத்தால் படம் தியானம் மாதிரி அமைதியாக வரும். ஆனால் அந்தப் பாறைகள் அங்கே கிடப்பதே கடல் அமைதியாக இல்லாததால்தான். அந்த அமைதி எடுத்தவரின் முடிவா, ஃபில்டரின் பழக்கமா என்று கேட்பது விமர்சகரின் கடமை.

இன்ஃப்ராரெட்டில் பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை நிறையப் பிரதிபலிப்பதால் வெள்ளையாக வரும். கழிமுகத்து அலையாத்திச் செடிகள் உறைபனி பூத்த மாதிரி தெரியும். முதல் முறை பார்க்கும்போது ஆச்சரியமாக இருக்கும், பத்தாவது முறை இருக்காது. வியப்பைக் கழித்துவிட்டால் படத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். மல்டிபிள் எக்ஸ்போஷருக்கும் இதே கேள்விதான், கூடவே இன்னொன்று: இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று பேசுகின்றனவா, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மட்டும் நிற்கின்றனவா?

சயனோடைப் 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. இரும்பு உப்புகள் பூசிய காகிதம் வெயில் பட்டு, தண்ணீரில் கழுவியதும் நீலமாகும். கடற்கரை மணலில் படர்ந்த அடப்பங்கொடியின் இலை இதற்கு அருமையான பொருள், மாட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்த உருவம் தெளிவாக விழும். இந்தப் படங்களில் இலையின் ஓரத்தைப் பாருங்கள். காகிதத்தை அழுத்தித் தொட்ட இடம் கூர்மையாகவும் தூக்கி நின்ற இடம் மங்கலாகவும் இருக்கும். அந்த மங்கல்தான் இலைக்கு உயிர் கொடுக்கிறது. கண்ணாடி வைத்து முழுக்க நசுக்கிவிட்டால் வெறும் அச்சாகிவிடும்.

படி 6: அபிப்பிராயம்

இப்போது சொல்லலாம். "சூப்பர்", "செம", "வேற லெவல்" எல்லாம் அன்பு. அந்த அன்பும் வேண்டியதுதான், ஆனால் எடுத்தவர் அதை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எண்ணூருக்குப் போய் எதையும் மாற்றிச் செய்ய முடியாது. பிடித்திருந்தால் எந்த இடம் என்று விரலை வைத்துக் காட்டுங்கள். "இந்த வலது ஓரத்தில் கோடுகள் மெலிந்து வானத்தில் கலக்கிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது" என்று யாராவது சொன்னால் எடுத்தவர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பிடிக்கவில்லை என்றாலும் அப்படியே. விரல், இடம், காரணம். "எனக்கு" என்று ஆரம்பியுங்கள். "இது சரியில்லை" என்பதைவிட "எனக்கு இங்கே கண் வழுக்கி வெளியே போயிடுது" என்பது உண்மைக்கு நெருக்கமானது. வழுக்குவது உங்கள் கண்தான், மற்றவர் கண் வழுக்காமல் இருக்கலாம்.

"நானாக இருந்தால் இப்படி எடுத்திருப்பேன்" மட்டும் வேண்டாம். அது உங்கள் படம். அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்க்கிறோம்.

படி 7: இயற்கையின் பக்கம் நின்று கேட்க வேண்டியவை

பரிசோதனை என்ற பெயர் உயிர்களுக்குத் தொந்தரவு செய்ய லைசென்ஸ் இல்லை. பறவைகள் எழும்பும் படம் என்றால் அவை ஏன் எழும்பின என்று கேட்டே ஆக வேண்டும். கல்லெறிந்தோ கை தட்டியோ எழுப்பியிருந்தால், அந்தக் கோடுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் பாயில் அதற்கு இடமில்லை. என் கொக்குகள் ஒரு படகு வந்ததால் எழும்பின. அதைக் கேட்டார்கள், சொன்னேன்.

அடுத்தது, என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்வது. பழவேற்காட்டில் எடுத்த பூநாரையை எண்ணூர் வானத்தில் ஒட்டலாம், கலைக்கு அந்த உரிமை உண்டு. ஒட்டியதைச் சொல்லாமல் "எண்ணூரில் பூநாரை" என்று பெயர் வைத்தால் அது வேறு விஷயம். அந்தக் கழிமுகத்துக்காக ஆவணங்களோடு போராடுகிற மக்கள் இருக்கிறார்கள். பொய்யான ஒரு படம் அவர்கள் கையில் உள்ள உண்மையான படத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். சர்வதேசப் போட்டிகளில் 'இயற்கை' என்ற பிரிவுக்கு அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளின் போட்டோகிராஃபிக் சொசைட்டிகளும் சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பான எஃப்ஐஏபியும் சேர்ந்து வைத்திருக்கும் வரையறையில் படத்தில் எதையும் சேர்ப்பதோ நீக்குவதோ இடம் மாற்றுவதோ கூடாது. ஆகவே இந்தப் படங்களை அந்தப் பிரிவின் அளவுகோலால் அளக்காதீர்கள், எடுத்தவரும் அந்தப் பிரிவில் அனுப்பாதீர்கள். 2018-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தன் போட்டியில் பரிசு பெற்ற எறும்புத்தின்னிப் படத்தில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்று முடிவுசெய்து பரிசைப் பறித்தது. இரவு வானமும் கரையான் புற்றின் ஒளிப்புள்ளிகளும் மனதை மயக்கும் படம் அது.

மூன்றாவது, எனக்கு இன்னும் முழுசாக விடை கிடைக்காத ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய். கரையோரச் செடிகள் கறுத்தன, படகும் வலையும் பாழாயின. எங்களில் ஒருவர் அந்தத் தண்ணீரை மிக அருகில் போய் மேலிருந்து எடுத்திருந்தார். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு வானவில் நிறங்கள் உண்டாகும். ஊதாவும் பொன்னும் மயில் கழுத்துப் பச்சையும் சுழித்துக்கொண்டிருந்த படம். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகும் யாருக்கும் பேச்சு வரவில்லை, அவ்வளவு அழகு.

வீட்டுக்காரர் டீயோடு வந்தார். நிறைய நேரம் பார்த்தார். "கலரு நல்லாத்தான் கீது" என்றார். கொஞ்சம் நின்று, "என் தங்கச்சி மாப்பிள்ளை வலை மொத்தமும் இதுலதான் போச்சு" என்றார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

எடுத்தவர் அந்தப் படத்தைக் கிழிக்கவில்லை, கிழிக்கவும் கூடாது. ஆனால் அதன்பிறகு அதைத் தனியாகக் காட்டுவதை நிறுத்தினார். பக்கத்தில் எண்ணெய் அப்பிய ஒரு வலைத்துண்டின் படத்தை, சாதாரணமாக, கூர்மையாக, எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எடுத்து வைத்தார். இரண்டும் சேர்ந்து இருக்கும்போதுதான் அந்த நிறத்தின் விலை தெரிகிறது. அழிவை அழகாகக் காட்டும் படம் முன்னால் வந்தால் "இது தப்பு" என்றும் "கலைக்கு எல்லை இல்லை" என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வேறு எதை வைக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த நிலத்தில் பிழைக்கும் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

படி 8: வாங்கிக்கொள்பவருக்கு

வாயை மூடிக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க எளிது, செய்ய மிகக் கடினம். "இல்லீங்க, அங்கே வெளிச்சம் கம்மி" என்று நாக்கு நுனியில் வந்து நிற்கும். படத்தோடு கூடவே போய் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இங்கேயும் சொல்லாதீர்கள்.

நோட்டில் அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். "பாய் நெசவு" என்றால் "பாய் நெசவு"தான். "டெக்ஸ்சர் பற்றிச் சொன்னார்" என்று எழுதினால் வீட்டுக்குப் போனபிறகு அது ஒன்றுக்கும் உதவாது. உங்கள் முறை வரும்போது இரண்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "அந்த நாலாவது கோடு இல்லாமல் இருந்தால் கண் எங்கே போயிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எதை ஏற்பது, எதை விடுவது? ஒரே இடத்தை மூன்று பேர் தொட்டால், மூவரும் மூன்று விதமாகத் தீர்வு சொன்னாலும், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. தீர்வுகளை விட்டுவிடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னது நெஞ்சில் சுருக்கென்று குத்தினால் அதையும் குறியுங்கள். பெரும்பாலும் அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகவே இருக்கும். "இதெல்லாம் போட்டோவே இல்லை" என்பவரிடம் வாதாட வேண்டாம். அவர் உங்கள் படத்தைப் பற்றிப் பேசவில்லை, போட்டோ என்ற சொல்லைப் பற்றிப் பேசுகிறார்.

அன்றைக்கு இரவே எடிட்டிங்கில் உட்கார்ந்து எல்லோர் சொன்னதையும் ஒரே படத்தில் செய்து பார்க்காதீர்கள். நான் அதைச் செய்திருக்கிறேன். விடியும்போது யாருடையதும் இல்லாத ஒரு படம் திரையில் இருந்தது.

படி 9: திரும்பப் போய் எடுங்கள்

கேட்ட விமர்சனத்துக்கு மறுமொழி அதே இடத்துக்குத் திரும்பிப் போவதுதான். அதே நேரம், அதே வற்றிய தண்ணீர், ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

நான் தை மாதத்தில் மூன்று விடியற்காலை போனேன். முதல் இரண்டு நாள் கொக்குகள் தூரத்திலேயே இருந்துவிட்டன. மூன்றாவது நாள் வாய்த்தது. அதே கால் விநாடி, அதே ஃபில்டர், ஆனால் இந்த முறை கேமராவை மேலிருந்து கீழாக இழுத்தேன். புகைபோக்கிகள் கரையவில்லை. வெளிறிய தூண்களாக நீண்டு தண்ணீருக்குள் இறங்கின. கோடுகளின் முனையில் கொக்கி இல்லை. தூசியையும் துடைத்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு பிரின்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் பாயில் வைத்தேன். இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும் தங்கைதான் முதலில் பேசினாள். "இதுல சாம்பல் இருக்கு" என்றாள். தாளைத் திருப்பவே தேவைப்படவில்லை. மற்றவர்களும் அதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீ ஆட்டினதுதான், தெரியுது. ஆனா கொக்கு எங்க தம்பி?"

குனிந்து பார்த்தேன். தூண்களுக்கு நடுவே மூன்று மெல்லிய வெள்ளை இழைகள், தேடினால்தான் தெரியும். கொக்குகள் பறந்தது பக்கவாட்டில், நான் இழுத்தது கீழ்நோக்கி. புகைபோக்கியைக் காப்பாற்றிய அசைவு பறவையைத் தின்றுவிட்டது. நோட்டில் "கொக்கு எங்க" என்று அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அவை இறங்கி உட்காரும் நேரத்தில், உடம்பு நெட்டுக்குத்தாக இருக்கும்போது எடுத்தால் என்ன என்று தங்கை கேட்டாள். அடுத்த வாரம் தண்ணீர் எப்போது வற்றும் என்று வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.